வர்றேன்னு சொன்னவங்க வரலைன்னா...?
(ஒரு சுற்றுலாப் பொருளாளரின் கணக்கு நோட்டிலிருந்து)



"ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை கொடு" என்று பேரவைச் செயலாளர் கேட்டபோது எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கவிதை எழுத வராது. கதை சொல்லவும் தெரியாது. இரண்டு வருடமாகப் பேரவையின் சுற்றுலாக் குழுவுக்குப் பொருளாளராக இருந்ததில் எனக்குத் தெரிந்தது கணக்கு நோட்டு ஒன்றுதான். அந்த நோட்டில் சிவப்பு மையில் எழுதிய பக்கம் ஒன்று உண்டு. அதைப் பற்றியே எழுதுகிறேன். நாளைக்கு நீங்களும் ஒரு டூர், ஒரு சிம்போசியம், ஒரு ரத்ததான முகாம், ஒரு பழைய மாணவர் சந்திப்பு என்று ஏதாவது நடத்தத்தான் போகிறீர்கள். அப்போது இந்தப் பக்கம் உதவும்.

அந்த இரவு

போன வருடம் தை மாதம். மேட்டூருக்கு இரண்டு நாள் பயணம். அணையையும் அனல் மின் நிலையத்தையும் பார்த்துவிட்டு வருவதாக ஏற்பாடு. மாணவர்களுக்கு 48 சீட். தலைக்கு 1,300 ரூபாய். பெயர் கொடுக்கும்போது 500 ரூபாய் முன்பணம், மீதி 800 பஸ் ஏறும்போது. மூன்றே நாளில் 48 பெயரும் நிரம்பிவிட்டது. எனக்கு ஒரே பெருமை! அதற்குப் பிறகு வந்து கேட்ட ஐந்து பேரிடம், "பஸ் ஃபுல்லுடா" என்று சொல்லித் திருப்பி அனுப்பினேன்.

புறப்பாடு இரவு 9 மணி. கல்லூரி வாசலில் பஸ் நிற்கிறது. 48 பொட்டலம் புளிச்சோறு கட்டியாகிவிட்டது. 9 மணிக்கு எண்ணினால் 36 பேர். 9.30-க்கு 39. பத்து மணி வரை நின்று பார்த்தோம். கூட வந்த சார், "இனிமே யாரும் வர மாட்டாங்கப்பா, கெளம்புங்க" என்றார். ஒன்பது சீட் காலியாக வண்டி புறப்பட்டது.

அந்த ஒன்பது பேருக்கும் ஒன்பது காரணம். மூன்று பேர் ஒரே செட்டு. அன்றைக்குப் புதுப்படம் ரிலீஸ், அங்கே போய்விட்டார்கள். ஒருவனுக்குக் காய்ச்சல். ஒரு தங்கைக்கு வீட்டில் கடைசி நேரத்தில் அனுமதி இல்லை. ஒருவனுக்கு மீதி 800 ரூபாய் புரளவில்லை, சொல்ல வெட்கம். இரண்டு பேர் போனை அணைத்து வைத்துவிட்டார்கள். இன்று வரை காரணம் தெரியாது.

ஒன்பதாவது ஆள் ஒரத்தநாடு பக்கத்து நண்பன். அவனைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

சீட்டுக்கு வாடகை இல்லை, வண்டிக்குத்தான் வாடகை

திரும்பி வந்ததும் பஸ்காரரிடம் போய், "அண்ணே, ஒம்பது பேரு வரலை, கொஞ்சம் பார்த்துக் குறைச்சுக்குங்க" என்று கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே, "தம்பி, சீட்டுக்கு வாடகை இல்ல, வண்டிக்குத்தான் வாடகை. நீங்க ஒருத்தர் ஏறினாலும் டீசல் அதேதான்" என்றார். நான் டிப்ளமோவில் படித்த எந்தப் பாடத்தையும் விட இந்த ஒரு வரி எனக்குத் தெளிவாக விளங்கியது.

எந்தக் கூட்டு நிகழ்ச்சிக்கும் செலவு இரண்டு வகை. ஒன்று, ஆள் எண்ணிக்கை எப்படி இருந்தாலும் மாறாத செலவு. எங்களுக்குப் பஸ் 36,000, சுங்கமும் டிரைவர் படியும் 2,700, இரவு தங்கிய ஹால் 4,500; மொத்தம் 43,200. இதை 48 பேருக்கு வகுத்தால் தலைக்கு 900. இரண்டாவது, ஆளுக்கு ஆள் ஆகும் செலவு. எங்களுக்குச் சாப்பாடு தலைக்கு 400. ஆக 1,300.

ஒருவன் வராமல் போனால் சாப்பாட்டுச் செலவு மிச்சம் (முன்கூட்டிச் சொன்னால்தான் அதுவும்!). ஆனால் அவனுடைய 900 ரூபாய் எங்கேயும் போய்விடாது. வந்தவர்கள் தலையில்தான் விழும். ஒன்பது பேருடைய 900 என்றால் 8,100. வீணான ஒன்பது பொட்டலம் 540. மொத்தம் 8,640. கையில் இருந்த அவர்களுடைய முன்பணம் 4,500-ஐக் கழித்தாலும் 4,140 ரூபாய் துண்டு விழுந்தது. வந்த 39 பேரிடமும் ஆளுக்கு 100 ரூபாய் கூடுதலாகக் கேட்டு வாங்கினேன். ஒழுங்காக வந்தவனுக்கு அபராதம், வராதவனுக்கு ஒன்றுமில்லை! இது எந்த ஊர் நியாயம்?

நான் செய்த பெரிய தப்பு

துண்டு விழுந்தது கூடப் பெரிதில்லை. அதற்குப் பிறகு நான் செய்ததுதான் தப்பு.

வராதவர்கள் ஒவ்வொருவராக முன்பணத்தைத் திருப்பிக் கேட்டு வந்தார்கள். தரலாமா கூடாதா என்று எங்கேயும் எழுதி வைக்கவில்லை. நானே நீதிபதி ஆனேன். காய்ச்சல்காரன் என் ஹாஸ்டல் அறை நண்பன். அவன் படுத்திருந்ததைக் கண்ணால் பார்த்தவன் நான். 500 ரூபாயைக் கொடுத்துவிட்டேன். சினிமாவுக்குப் போனவர்களுக்கு இல்லை என்றேன். அதுவரை சரி.

ஒரத்தநாடு நண்பன் வந்து கேட்டபோது, "எல்லாருக்கும் குடுத்துட்டே இருந்தா நான் எங்கடா போறது? நீ சொல்லக்கூட இல்லையே" என்று கத்திவிட்டேன். "சொன்னேன்டா" என்றான். வேறு ஒன்றும் பேசவில்லை. போய்விட்டான்.

அன்று மதியம் அவன் வயலுக்கு அறுவடை மிஷின் கிடைத்திருக்கிறது. தை மாதம் சம்பா அறுப்பு நேரத்தில் மிஷின் கிடைப்பது எவ்வளவு கஷ்டம் என்பது நம் டெல்டாக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மழை வேறு வரும்போல இருந்தது. நனைந்த நெல்லைக் கொண்டுபோனால் நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் இருக்கிறது என்பார்கள். அப்பாவுக்கு உதவியாக அவன் வயலில் நின்றே ஆகவேண்டிய நாள். அன்று மாலை 4 மணிக்கே டூர் வாட்ஸ்அப் குழுவில், "மிஷின் வந்துட்டு மாப்ள, என்னால வர முடியாது" என்று போட்டிருக்கிறான். அதற்கு மேலும் கீழும் இருநூறு செய்தி. ஜோக்கும் பாட்டும் போட்டோவும். அவன் செய்தி அதற்குள் மூழ்கிவிட்டது. ஒரு வாரம் கழித்துத் தேடிப் பார்த்தபோதுதான் கண்ணில் பட்டது. அதற்குள் என் அறை நண்பனுக்கு மட்டும் பணம் திரும்பிய சேதி கேன்டீன் வரை போய்விட்டது. "தனக்கு வேண்டியவனுக்கு ஒரு நியாயம்" என்று பேசினார்கள். பேசியதில் தப்பில்லை.

நோட்டில் இன்னொரு நஷ்டமும் இருக்கிறது. அதற்கு ரூபாய்க் கணக்கு கிடையாது. நான் திருப்பி அனுப்பிய ஐந்து பேரில் ஒருவன் வேதாரண்யம் பக்கம், கடைமடைக்காரன். வருடா வருடம் மேட்டூர்த் தண்ணீர் எப்போது வரும் என்று பார்த்துப் பார்த்தே வளர்ந்தவன். அணையைக் கண்ணால் கண்டதில்லை. ஹாஸ்டலில் எங்களுக்கு அடுத்த பிளாக். நான்கு மணிக்குத் தெரிந்திருந்தால் ஐந்து நிமிடத்தில் பையை எடுத்துக்கொண்டு ஓடி வந்திருப்பான். அவன் அறையில் உட்கார்ந்திருக்க, ஒன்பது காலி சீட் மேட்டூர் போய் வந்தது.

நம்ம ஊருக்கு இது புதுசா?

"டூருக்கெல்லாம் சட்டதிட்டமா? இது என்ன கம்பெனியா?" என்று சிலர் கேட்பார்கள். யோசித்துப் பார்த்தால் நம் பக்கத்தில் இது ஒன்றும் புதிதல்ல.

நடவுக்கு ஆள் சொல்லி வைத்திருக்கிறோம். காலையில் நாற்றுப் பறித்துப் போட்டாயிற்று. சொன்ன ஆட்கள் வரவில்லை. பறித்த நாற்று நம் சௌகரியத்துக்குக் காத்திருக்குமா? அதனால்தான் "நாளைக்கு வர முடியாதுங்க" என்று முதல் நாள் ராத்திரியே வந்து சொல்பவரை யாரும் திட்டுவதில்லை. "சொன்னீங்களே, அது போதும்" என்று வேறு ஆள் தேடப் போவார்கள். சொல்லாமல் நின்றவர் பேரில்தான் கோபம்.

கல்யாணச் சமையலுக்கு மாஸ்டரைப் பார்க்கப் போனால் அவர் கேட்கும் முதல் கேள்வி, "எத்தனை இலைங்க?" என்பதுதான். எத்தனை பத்திரிகை அடித்தீர்கள் என்று அவர் கேட்பதில்லை. அரிசியை உலையில் போட்ட பிறகு இலை குறைந்தால் சோறு திரும்ப அரிசி ஆகாது.

பேராவூரணி வட்டாரத்திலும் புதுக்கோட்டை மாவட்டத்துக் கீரமங்கலம், வடகாடு பக்கங்களிலும் ஆடி, ஆவணியில் நடக்கும் மொய் விருந்தைப் பாருங்கள். பல பேர் சேர்ந்து ஒரே பந்தலில் விருந்து வைத்துச் செலவைப் பங்கிட்டுக்கொள்கிறார்கள். யார் எவ்வளவு எழுதினார், யார் எவ்வளவு திருப்ப வேண்டும் என்பதெல்லாம் நோட்டில் இருக்கும். நேரில் வர முடியாதவர் வேறு ஆள் மூலம் மொய்யைக் கொடுத்தனுப்புவார். ஆள் வராவிட்டாலும் கடமை வந்து சேர்ந்துவிடும். கறிசோற்றுக்கே இவ்வளவு ஒழுங்கு!

ஆனால் எல்லாக் கூட்டத்துக்கும் இது வேண்டியதில்லை. திருவையாற்றில் தியாகராஜர் ஆராதனைக்குக் காவிரிக் கரையில் உட்கார்ந்து பஞ்சரத்தினம் கேட்கப் போகிறோம். டிக்கெட் கிடையாது. நாம் போகாவிட்டால் யாருக்கும் நஷ்டமில்லை. பக்கத்தில் இருப்பவர் கொஞ்சம் தாராளமாக உட்கார்ந்துகொள்வார். எங்கே இடம் எண்ணிக்கைக்கு உட்பட்டதோ, எங்கே ஒருவருடைய பங்கு மற்றவர் தலையில் விழுமோ, அங்கேதான் விதி வேண்டும்.

ரயில்வே போட்ட படிக்கட்டு

இதை மிகப் பெரிய அளவில் செய்துகொண்டிருப்பது நம் ரயில்வே. 2015 நவம்பரில் கொண்டுவந்த விதிகளைப் பாருங்கள். உறுதியான டிக்கெட்டை வண்டி புறப்பட 48 மணி நேரத்துக்கு முன்பே ரத்து செய்தால் ஸ்லீப்பர் வகுப்புக்கு 120 ரூபாய் மட்டும் பிடித்தம். 48 முதல் 12 மணி நேரத்துக்குள் என்றால் கட்டணத்தில் 25 சதவீதம். 12 முதல் 4 மணி நேரத்துக்குள் 50 சதவீதம். அதற்கும் பிறகு ஒன்றும் கிடையாது. தொகையும் நேரமும் அவ்வப்போது மாற்றப்படும். அதன் அமைப்பை மட்டும் கவனியுங்கள். அது ஒரு படிக்கட்டு.

ஏன் படிக்கட்டு? புறப்படும் நேரம் நெருங்க நெருங்க அந்த இடத்தை இன்னொருவருக்குக் கொடுக்கும் வாய்ப்பு குறைகிறது. நஷ்டம் ஏறுவதால் பிடித்தமும் ஏறுகிறது. கூடவே ஆர்.ஏ.சி., வெயிட்டிங் லிஸ்ட் என்று ஒரு வரிசை. ஒருவர் விட்ட இடம் அடுத்தவருக்குத் தானாகப் போகிறது. ரத்து விதியும் காத்திருப்புப் பட்டியலும் வண்டிக்கு இரண்டு மாடு மாதிரி. ஒன்றை மட்டும் பூட்டினால் வண்டி நகராது. எங்களிடம் இரண்டுமே இல்லை!

சட்டம் என்ன சொல்கிறது?

எங்கள் ஊர் வக்கீல் ஒருவரிடம் இதைக் கேட்டேன். அவர் ஒரு ராஜா கதையோடு ஆரம்பித்தார்.

1902 ஜூன் 26-ஆம் தேதி லண்டனில் ஏழாம் எட்வர்டு மன்னருக்கு முடிசூட்டு விழா. ஊர்வலம் போகும் தெருவில் மாடி அறைகளை ஜனங்கள் போட்டி போட்டு வாடகைக்கு எடுத்தார்கள். இரண்டு நாள் முன்பு மன்னருக்குக் குடல்வால் நோய்க்கு அறுவை சிகிச்சை. விழா தள்ளிப்போய் ஆகஸ்ட் 9-ல் நடந்தது. வாடகைக்காரர்களும் வீட்டுக்காரர்களும் கோர்ட்டுக்குப் போனார்கள். ஒருவர் 75 பவுண்டு பேசி 25 கொடுத்திருந்தார். மீதி 50-ஐத் தர வேண்டியதில்லை என்று 1903-ல் தீர்ப்பு. இன்னொரு வழக்கில் ஒருவர் 100 பவுண்டு முன்பே கட்டியிருந்தார். அவருக்கு அந்தப் பணம் திரும்பவில்லை. பாக்கியையும் கட்டச் சொன்னது 1904 தீர்ப்பு. விழா ஒன்றுதான், காரணமும் ஒன்றுதான். யார் முந்திப் பணம் கொடுத்தாரோ அவருக்கு நஷ்டம்! இங்கிலாந்தில் 1942-ல்தான் இந்த நிலை மாறியது.

நம் நாட்டு 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம் இதில் தெளிவாகவே இருக்கிறது. 65-ஆம் பிரிவில் ஒரு உதாரணம்: கச்சேரியில் பாட ஒருவர் 1,000 ரூபாய் முன்பணம் வாங்குகிறார், உடம்பு சரியில்லாமல் பாட முடியவில்லை, நடத்துபவருக்குக் கிடைக்காமல் போன லாபத்துக்கு அவர் பொறுப்பில்லை, ஆனால் வாங்கிய 1,000-ஐத் திருப்பித் தர வேண்டும். ஆக, நாம் நிகழ்ச்சியை நடத்த முடியாமல் போனால், அது நம் தப்பாக இல்லாவிட்டாலும், ஜனங்கள் பணத்தைக் கையில் வைத்துக்கொள்ள முடியாது. கஜா புயல் 2018 நவம்பர் 16-ஆம் தேதி அதிகாலை வேதாரண்யம் பக்கம் கரை கடந்தபோது எத்தனை விசேஷம் நின்றுபோனது என்பது நமக்குத் தெரியும். 2020-ல் கொரோனா ஊரடங்கில் நின்றுபோன விமானங்களுக்கான டிக்கெட் பணம் பற்றி உச்ச நீதிமன்றமே அந்த ஆண்டு அக்டோபர் 1-ஆம் தேதி உத்தரவு போட வேண்டி வந்தது.

அதே சட்டத்தின் 74-ஆம் பிரிவு இன்னொன்றையும் சொல்கிறது. ஒப்பந்தத்தை மீறினால் இவ்வளவு என்று ஒரு தொகை எழுதி வைத்திருந்தாலும், கோர்ட்டு அந்தத் தொகைக்கு மேற்படாமல் நியாயமான ஈடு எவ்வளவோ அதைத்தான் கொடுக்கும். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும், நஷ்டத்துக்குச் சற்றும் பொருந்தாத அபராதத்தை நியாயமற்ற ஒப்பந்தம் என்றே சொல்கிறது. "வராவிட்டால் ஒரு பைசா கிடையாது" என்று போர்டு மாட்டிவிட்டால் மட்டும் போதாது. பிடித்தத்துக்குக் கணக்கு காட்டத் தெரிய வேண்டும். எங்கள் டூரில் அந்தக் கணக்கு 900 ரூபாய். அதற்கு மேல் ஒரு ரூபாய் பிடித்தாலும் அது நஷ்ட ஈடு ஆகாது, லாபம் ஆகிவிடும்.

அதிகமா பேரு வாங்கிட்டா என்ன?

"ஒம்பது பேரு வர மாட்டான்னு தெரியுதுல்ல, 57 பேருகிட்ட வாங்கிடு" என்று ஒரு நண்பன் யோசனை சொன்னான். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. 57 பேரும் வந்து நின்றால்?

சென்னையில் ஏ.ஆர்.ரகுமானின் 'மறக்குமா நெஞ்சம்' இசை நிகழ்ச்சி நினைவிருக்கும். 2023 ஆகஸ்ட் 12-ல் நடக்க வேண்டியது மழையால் தள்ளிப்போய் செப்டம்பர் 10-ல் நடந்தது. கூட்ட நெரிசலில் கையில் டிக்கெட் இருந்தும் பலரால் உள்ளே போக முடியவில்லை. டிக்கெட் நகலை அனுப்பி வையுங்கள் என்று ரகுமானே கேட்டுக்கொள்ளும்படி ஆனது. பணம் கட்டி வந்தவனை வாசலில் நிறுத்துவது காலி சீட்டை விட மோசம். காலி சீட்டால் பணம்தான் போகும். இதில் பேரும் போகும்.

விதி எழுதினோம்

இந்த வருடம் நெய்வேலி நிலக்கரிச் சுரங்கத்துக்குப் போக முடிவானது. முதல் வேலையாக விதி எழுத நான்கு பேர் உட்கார்ந்தோம். ஒரத்தநாடு நண்பனைத் தேடிப்போய்க் கூப்பிட்டேன். தயங்கித்தான் வந்தான். "அந்த 500-ஐ இப்பவே தர்றேன்டா" என்றேன். "காசு கெடக்குது விடு. நான் சொன்னேன்னு நீ ஒத்துக்கிட்டா போதும்" என்றான். எல்லார் முன்னாலும் ஒத்துக்கொண்டேன். எட்டு விதிகளில் நான்காவதும் ஆறாவதும் அவன் எழுதியவை.

1. முன்பணம் என்பது மாறாத செலவில் ஒருவருடைய பங்கு. அதைக் கட்டினால்தான் பெயர். வாய்ச்சொல்லுக்கு இடம் கிடையாது.

2. புறப்பட 10 நாளுக்கு முன் சொன்னால் முழுப்பணமும் திரும்பும்.

3. 10 நாள் முதல் 3 நாள் வரை: காத்திருப்புப் பட்டியலில் இருந்து ஆள் கிடைத்தால் முழுப்பணம், கிடைக்காவிட்டால் முன்பணத்தில் பாதி. கடைசி 3 நாளில் ஆள் கிடைக்காவிட்டால் முன்பணம் திரும்பாது. முதல் நாள் மதியத்துக்குள் சொன்னால் சாப்பாட்டுப் பணம் மட்டும் திரும்பும்.

4. ரத்து செய்வதைப் பொருளாளரின் ஒரே எண்ணுக்குத்தான் சொல்ல வேண்டும். அவர் "பதிவாயிற்று" என்று பதில் போட வேண்டும். பதில் போடாதது பொருளாளர் குற்றம். குழுவில் போடுவது கணக்கில் வராது.

5. காத்திருப்புப் பட்டியல் வரிசைப்படி. பொருளாளர் உள்பட யாரும் இடையில் ஆள் சொருகக் கூடாது.

6. சாவு, ஆஸ்பத்திரி, வெள்ளம், அறுவடை போன்ற தவிர்க்க முடியாத காரணங்களை ஓர் ஆசிரியரும் இரண்டு மாணவர்களும் பார்த்து முடிவு செய்வார்கள். பொருளாளர் அதில் இருக்கக் கூடாது. திருப்பித் தரும் பணத்துக்காகத் தலைக்கு 20 ரூபாய் தனியாக எடுத்து வைக்கப்படும். மிஞ்சினால் அனைவருக்கும் திரும்பும். யாருக்கு எதற்காகக் கொடுத்தது என்பது வெளியே போகாது.

7. நாங்களே பயணத்தை ரத்து செய்தால் 7 நாளில் முழுப்பணம். தேதி மாறினால் புதுத் தேதி வேண்டுமா, பணம் வேண்டுமா என்பது அவரவர் விருப்பம்.

8. இந்த எட்டையும் படித்துக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் பணம் வாங்கப்படும். பணம் வாங்கிய பிறகு சொல்வது விதி இல்லை, சாக்கு.

ஆறாவது விதியில் "அறுவடை" என்ற வார்த்தையை எழுதியபோது, சென்னையில் இருந்து வந்து படிக்கும் நண்பன் ஒருவன் சிரித்தான். "இங்க மூணு வருஷம் இரு, அப்புறம் சிரிக்க மாட்ட" என்றோம்.

பலன் என்ன?

பெயர் கொடுத்த 48 பேரில் ஏழு பேர் ரத்து செய்தார்கள். ஐந்து பேர் 10 நாளுக்கு முன்பே சொல்லிவிட்டார்கள். ஒருவர் ஐந்து நாள் முன்பு சொன்னார். இந்த ஆறு இடமும் காத்திருந்தவர்களுக்குப் போயிற்று. ஆறு பேருக்கும் முழுப்பணமும் திரும்பியது. ஒருவர் மட்டும் அன்று காலை சொன்னார். சுற்றிலும் விசாரித்தும் உடனே வர ஆள் கிடைக்கவில்லை. ஒரு சீட் காலி. அவருடைய முன்பணம் பஸ்ஸுக்குப் போனது. அவர் சண்டைக்கு வரவில்லை. படித்துக் கையெழுத்துப் போட்டவர்தானே! வந்த 47 பேரில் யாரிடமும் கூடுதலாக ஒரு ரூபாய் கேட்கவில்லை.

இதில் நான் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. வர முடியாதவர்கள் முன்கூட்டியே வந்து சொன்னார்கள். நம் ஊரில் முகத்துக்கு நேரே "வரலை" என்று சொல்வது மரியாதைக் குறைவு. "பாக்கலாம்", "வந்துடறேன்", "முடிஞ்சா வர்றேன்" என்றுதான் சொல்வோம். அந்த மரியாதைதான் கடைசியில் போனை அணைத்து வைக்கும் வரை கொண்டுபோய் விடுகிறது. விதி என்று ஒன்று எழுதி வைத்ததும், "இன்னிக்குத் தேதிக்குள்ள சொன்னா பணம் வந்துடும்ல?" என்று கேட்டுக்கொண்டு வந்து தாராளமாகச் சொன்னார்கள். போன வருடம் 800 ரூபாய் புரளாமல் வெட்கப்பட்டு ஒளிந்தானே, அவனுக்கு இப்படி ஒரு வாசல் இருந்திருந்தால் தலைநிமிர்ந்து வந்து சொல்லியிருப்பான். அவனை ஒளிய வைத்ததில் எனக்கும் பங்கு உண்டு.

ஆகவே நண்பர்களே, எந்த நிகழ்ச்சிக்குப் பெயர் வாங்கினாலும், வராதவர்களுக்கு என்ன வழி என்பதை முதலில் எழுதிவிட்டு அப்புறம் வருபவர்கள் பெயரை எழுதுங்கள். வர முடியாதவன் கௌரவமாகச் சொல்லிக்கொள்ளவும், வந்தவன் இன்னொருவன் பங்கைச் சுமக்காமல் இருக்கவும், காத்திருப்பவனுக்கு ஓர் இடம் கிடைக்கவும் வேறு வழி எனக்குத் தெரியவில்லை. நடத்துகிற நம்மையும் அது முகம் பார்த்து நியாயம் சொல்லும் பாவத்திலிருந்து காப்பாற்றும்.

அந்த வேதாரண்யம் பக்கத்துத் தம்பி இந்த முறை காத்திருப்புப் பட்டியலில் இரண்டாவது ஆள். நெய்வேலிக்கு வந்தான். ஜன்னலோரம் அவனுக்குத்தான். திரும்பி வரும்போது, "அண்ணே, அடுத்த வருஷம் மேட்டூர் போடுவாங்களா?" என்று கேட்டான். அடுத்த வருடம் நான் இங்கே இருக்க மாட்டேன். நோட்டு இருக்கும். புதிய பொருளாளர் அந்தத் தம்பியின் பெயரை முதலில் எழுதிக்கொள்வாராக!



— சுற்றுலாக் குழுப் பொருளாளர்,
மூன்றாமாண்டு, சிவில் பிரிவு.